ஊதா அடித்த மனை

நகரமைப்பு ஆபீசில் வரைபடம் போடுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு: அவன் செய்கிற தப்பும் அழகாகத்தான் இருக்கும். என்னைப் போல உயர ஸ்டூலில் உட்கார்ந்து முதுகைத் தொலைத்த டிராப்ட்ஸ்மேன்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். நாம் பட்டதையும் நம்மால் பிறர் பட்டதையும் பேசிக்கொள்ளலாம்.

உச்சி வெயில்

எழுபதுகளின் நடுவில் விருத்தாசலத்துக்கு மாஸ்டர் பிளான் வந்தது. வட்டாரம் முழுமைக்கும் பெரிய பிளான் ஒன்று. ஊரின் ஒவ்வொரு மனையும் அதோடு ஒத்துப்போக வேண்டும். முதல் வேலை, தெருத்தெருவாகப் போய் எந்த மனையில் என்ன நடக்கிறது என்று குறிப்பது. வீடா, கடையா, தொழிலா, வயலா? பார்த்ததை எழுத வேண்டும், அவ்வளவுதான்.

பீங்கான் பட்டறைத் தெருவில் ஒரு வழக்கம். பட்டறையில் இடம் போதாவிட்டால், சுடாத ஜாடிகளைப் பக்கத்து வீட்டு வாசலில் பரப்பிக் காய வைப்பார்கள். பட்டறையில் சுமை தூக்கும் அருள்தாஸின் கூரை வீட்டு வாசலில் அன்று ஊறுகாய் ஜாடிகள் நின்றன. எனக்கோ பசி, மங்கலம்பேட்டை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் வேறு. நோட்டில் ‘தொழில்’ என்று எழுதினேன். அருள்தாஸின் சம்சாரம் கதவோரம் நின்று, நான் கேட்காமலே உண்மையைச் சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை.

“பாத்து நடங்க சார், பச்சை ஜாடி. எங்களுது இல்ல, பட்டறைக்காரருது. ஒடைஞ்சா எங்களத்தான் கேப்பாரு.”

வராந்தாவில் மாட்டிய படம்

வீட்டுக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா, வயலுக்குப் பச்சை. என் நோட்டைப் பார்த்துப் பெரிய பிளான் போட்டார்கள். பெரிய பிளானைப் பார்த்து ஊர் வரைபடத்துக்கு நானே வண்ணம் தீட்டினேன். என் தப்பு மேலே போய், முத்திரை குத்திக்கொண்டு, எனக்கே உத்தரவாகத் திரும்பி வந்தது!

ஆட்சேபணை சொல்ல அவகாசம் கொடுத்து, படத்தை வராந்தாவில் மாட்டினோம். சர்வே நம்பரை வைத்துத் தன் வீட்டைக் கண்டுபிடிக்க ஊரில் எத்தனை பேரால் முடியும்? அதே கட்டடத்தில் பக்கத்து ஆபீசுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்த அருள்தாஸ் மட்டும் நின்று, தன் வீடு எது என்று கேட்டார். காட்டினேன். ஊதா என்றால் என்னவென்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலு வரி மனு எழுதித் தரச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். டீ ஆறிக்கொண்டிருந்தது என்பதைத் தவிர எனக்கு வேறு சாக்கு இல்லை. அவர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

“நம்ம வூட்டுக்கு நல்ல கலரா போட்டிருக்கீங்க சார், கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குது.”

கூரையில் விழுந்த பொறி

பிளான் அமலுக்கு வந்த பிறகு, அருள்தாஸ் கூரையைப் பிரித்துவிட்டுக் கல்லு வீடு கட்ட அனுமதி கேட்டு வந்தார். ஊதா மனையில் புது வீட்டுக்கு அனுமதி கிடையாது என்று சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பொறுமையாக விளக்கினார்.

“சூளைப் பொறி விழுந்து ரெண்டு தடவை பத்திக்கிச்சு சார். பட்டறைக்கு நான் போயிட்டா, என் சம்சாரம் ஈரச் சாக்கோட கூரையையே பாத்துக்கினு இருக்குது.”

மேலிடத்துப் பதில்

மறுநாள் மேலதிகாரி முன்னால் போய், தப்பு என்னுடையது, அது குடியிருப்பு மனை, ஜாடி வெறும் விருந்தாளி என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த மனையை மஞ்சளாக்க வேண்டுமானால் பெரிய பிளானைத் திருத்த வேண்டும், அதற்கு அரசாணை வர வேண்டும். என் திருத்தக் குறிப்பை வாங்கி அனுப்பி வைத்தார்; மூன்று முறை நினைவூட்டியும் பதில் இல்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“ஒத்த வூட்டுக்காக ஊரு பிளானையே மாத்தச் சொல்றீரு. மனசாட்சிக்கு ஃபைல் நம்பர் இல்லைங்காணும்.”

பஸ் ஸ்டாண்டில்

மூன்றாவது முறையும் கூரை எரிந்தது. ஆள் சேதம் இல்லை என்று சொல்லி என்னை நானே தேற்றிக்கொண்டேன், வெட்கமில்லாமல். வீடு கட்ட முடியாத இடத்தைப் பட்டறைக்காரரைத் தவிர யார் வாங்குவார்கள்? அவரிடமே விற்றுவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் மூட்டை முடிச்சோடு நின்ற அருள்தாஸைப் பார்த்ததும், ஜாடியைப் பார்த்து ‘தொழில்’ என்று எழுதியது நான்தான், மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பஸ் வந்ததும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கேட்டார்.

“வேப்பூராண்ட மச்சான் வூட்டுப் பக்கம் எடம் பாத்திருக்கோம் சார். அங்கயும் உங்க ஆளுங்க கலர் அடிக்க வருவாங்களா?”

ஊரையும் பிளானையும் ஒத்துப்போக வைக்கவே சம்பளம் வாங்கிய நான் முழுசாக ஒத்துப்போக வைத்தது அந்த ஒரு மனையைத்தான்: இப்போது அங்கே சூளை எரிகிறது, ஊதா ரொம்பச் சரி.