கழுவாத பட்டன்

ரோசக்கா போய்விட்டார். காலை ஆறரைக்கு அவர் மகள் போன் செய்து சொன்னாள்.

எப்படி, எப்போது என்று நான் கேட்கவில்லை. "ஐயோ, ஞாயிற்றுக்கிழமை வாறேன்னு சொல்லியிருந்தேனே" என்றுதான் வாயில் வந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. கீரிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டுகிறவர்களுக்கு யூனிஃபார்ம் தைத்தவர். பிறகு நான் அங்கே கிளார்க்காகச் சேர்ந்தபோது அடுத்த அறையில் நாள் முழுக்க அவர் மிஷின் ஓடும்.

கடற்கரைக்காரர். பாலும் வியர்வையும் பட்டு சாதா நூல் இற்றுப்போகிறது என்று, வலை பின்னுகிற நைலான் நூலில் பட்டன் தைப்பார். சட்டை கிழியும், பட்டன் போகாது.

எல்லாச் சட்டையும் ஒரே காக்கி. மாறிப்போகக் கூடாது என்று மேல் பட்டனுக்கு மட்டும் ஆளுக்கொரு கலர் நூல். அங்கேயே பால் வெட்டிய எங்கள் அப்பாவுக்கு நீலம்.

அப்பா... நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது பால் வெட்டப் போனவர் திரும்பி வரவில்லை. அம்மா இன்னும் தாலியைக் கழற்றவில்லை.

போன மாதம் அந்த எஸ்டேட்டில் பழைய மரங்களைப் பிடுங்கி ஜேசிபி வைத்துக் குழி எடுத்தார்கள். மண்ணுக்குள் ஐந்து பட்டன். பிரவுன் கலர், நாலு ஓட்டை. துணி இல்லை. வேறு ஒன்றும் இல்லை.

அங்கே வேலை பார்க்கிற என் சித்தப்பா மகன் ஸ்டீபன் பேப்பரில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே போனான்.

நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஓட்டைகளை சேஃப்டி பின்னால் குத்திக் குத்தி சுத்தம் செய்து, பளபளவென்று ரோசக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"கழுவிட்டியா?"

"ஆமாக்கா. ஒரே மண்ணு."

"ஏட்டி, என்ன வேல பண்ணிட்ட... பட்டன் எல்லா வருசமும் ஒண்ணுதான் வந்துது. யாரு சட்ட, எந்தக் காலத்துச் சட்டன்னு நூலுல்லா சொல்லும். நைலான் மண்ணுல கெடந்தா இத்துப்போவாது, கேட்டியா. ஒரு துணுக்கு இருந்தாப் போதும்."

எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஒவ்வொரு பட்டனாக நகத்தால் வருடினார். ஒரு கண்ணில்தான் ஆபரேஷன் முடிந்திருந்தது. மற்றது மங்கல்.

"வலைநூலு இழுத்து இழுத்து ஓட்டைக்கு ஓட்டை ஒரு பள்ளம் விழும். இதுல இல்ல. நான் வாறதுக்கு முந்தி உள்ள சட்ட இது. பேடிக்காத மக்கா, பயப்படாத. அப்பா சட்ட இல்லன்னு அம்மைட்ட போய்ச் சொல்லு."

ஒரு நிமிஷம் பார்த்திருப்பார், அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவளுக்குக் கண்ணு தெரியுதா?"

மறுநாள் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பட்டனில், இரண்டு ஓட்டைக்கு நடுவே ஒரு கோடு. வலைநூல் இழுத்த பள்ளமா, என் சேஃப்டி பின் கீறலா... எத்தனை தடவை பார்த்தாலும் தெரியவில்லை.

ரோசக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"இன்னும் ஏதாம் கெடச்சா கழுவாமக் கொண்டா மக்கா" என்றார்.

அந்தக் கொஞ்ச நேரம் ஏன் பேசவில்லை? அன்றைக்கு ஜன்னலோரத்தில் சொன்னது நிஜமா, இல்லை என் கை நடுங்கியதைப் பார்த்துச் சொன்னதா? மூன்று வாரமாக இதே யோசனை. நேரில் கேட்கவும் பயம்.

முந்தாநாள் ஸ்டீபன் அதே குழியிலிருந்து இன்னொன்று கொண்டுவந்தான். மண் அப்பி நாலு ஓட்டையும் அடைத்திருக்கிறது. உடனே ரோசக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் வா. வெளிச்சத்துல வச்சுப் பாப்போம். நீ ஒண்ணும் நோண்டாத" என்றார்.

அதுதான் கடைசிப் பேச்சு.

இன்று மாலை நான்கு மணிக்கு அடக்கம். கிளம்பிக்கொண்டிருக்கிறேன். பட்டன் மாத்திரை டப்பாவில் இருக்கிறது. அம்மா வாசலில் நின்று, "அதையும் எடுத்துட்டா போற?" என்கிறாள். டப்பாவைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கழுவல அக்கா. நீங்க சொன்ன மாதிரியே மண்ணோட வச்சிருக்கேன்.

போய் வாங்க...