சட்டைக்கையை விட்ட கை

மலேசியாவில் உள்ள செனாய்க்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது, முன்பின் தெரியாதவர்கள் என் வயிற்றில் காலை வைத்துவிட்டு "தெரிமா காசே" என்று நன்றி சொல்லிப் போனதுதான். தொழிற்சாலை வேலை முடிந்து ஜுஜிட்சு என்ற மல்யுத்தப் பயிற்சிக்கு நானாகத்தான் போய்ச் சேர்ந்தேன், ஆகவே புகார் சொல்ல வழியில்லை. எட்டு மாதமாகியும், கீழே கிடந்த நான் ஒருவரையும் கவிழ்த்து மேலே வந்ததில்லை. ஜொகூர் பாருவில் நடக்கும் போட்டிக்குப் பெயரும் கொடுத்துவிட்டிருந்தேன். அங்கே ஒருவரையாவது கவிழ்க்காவிட்டால் மானம் போய்விடும் என்று பயந்தேன்.

ஞாயிறுதோறும் பழைய போட்டிக் காணொளிகளை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். 'சிசர் ஸ்வீப்' என்று ஓர் உத்தி. கீழே இருப்பவர் ஒரு காலை எதிராளியின் வயிற்றுக்குக் குறுக்கே வைத்து, மறுகாலால் அவர் முழங்காலை வாரிவிடுவார். பல வாரம் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூட்சுமமோ கையில் இருந்தது. ஜெயித்தவர்கள் எதிராளியின் சட்டைக்கையைக் கடைசிவரை விடவில்லை. ஊன்றக் கையில்லாமல் அவர் சாய்ந்தார். நானும் அப்படித்தானே பிடிக்கிறேன்?

உடன் பயிலும் கணேசன் செனாய்க்காரன். அவனிடம் கைப்பேசியைக் கொடுத்து என்னைப் படம் எடுக்கச் சொன்னேன். பார்த்தால், கால் எதிராளியின் வயிற்றில் பட்ட மறுகணம் என் வலக்கை சட்டைக்கையை விட்டுவிட்டு, அவரைத் தொட்டு என் கண்ணுக்குப் போகிறது. ஒவ்வொரு தடவையும்! ஊரில் யார்மீதாவது கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவோமே, அதேதான். மலாய்க்காரப் பயிற்சியாளர் எனக்கு அடிக்கடி டிஷ்யூ நீட்டியதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. கண்ணில் வேர்வை விழுகிறது என்று நினைத்திருக்கிறார், பாவம்.

"அலமாக்! சண்ட போட வந்து சாமி கும்பிடுறீங்களாண்ணே?" என்று கணேசன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"உனக்கு உறுத்தாதா?"

"வீட்ல பட்டா நானும் தொட்டுக் கும்பிடுவேன். இங்க வேணாம் லா. கைய விடாதீங்க, அவ்ளோதான்."

அவனுக்கு இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தது. எனக்கு அந்தப் பழக்கத்தை விடவே இரண்டு மாதமானது. போட்டியில் என்னைவிடக் கனமான ஒரு சீனரைக் கவிழ்த்தேன். இரண்டு புள்ளி. ஆட்டத்தில் தோற்றாலும் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தத் தீபாவளிக்குச் சொந்த ஊரான கரூருக்குப் போயிருந்தேன். டவுன் பஸ்ஸில் உட்காரும்போது என் செருப்புக்கால் பக்கத்துப் பெரியவரின் முழங்காலில் பட்டுவிட்டது. "சாரிங்க" என்றேன். அவர் இன்னும் எதையோ எதிர்பார்ப்பவராக என்னையே பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது.

"தம்பிக்கு எந்த ஊருங்க?" என்றார்.

என் வலக்கை அப்போதும் முன்சீட்டுக் கம்பியை விடவில்லை.