தொட்டித் தண்ணியில் காரம்

வில்லியனூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் என்னைப் போன்றவன் மீனைவிட அதிகமாகக் கொடுப்பது தண்ணீரைப் பற்றிய புத்திமதியைத்தான்; அதை மட்டும் யாரும் கவரில் போட்டு எடுத்துப் போவதில்லை. எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். பிஎச் எட்டுக்குக் கீழே இறங்கமாட்டேன் என்று சண்டித்தனம் செய்யும். காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல், தொட்டியில் எது மிதக்கிறது என்று பார்க்கிற சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது.

ஒரு பாட்டில் தண்ணீர்

முருகேசன் ஐயா மடுகரைக்காரர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னிடம் வாங்கிப் போன நியான் டெட்ரா மீன்கள் ஒவ்வொன்றாக வெளுத்துச் செத்தன. தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தார். சோதனைச் சொட்டு விட்டேன். கருநீலமாக மாறியது.

"ஏழுன்னா நடுநிலை ஐயா. அதுக்குக் கீழ போனா புளிப்பு, மேல போனா காரம். உங்க தண்ணியில காரம் ஜாஸ்தி. நியானுக்கு ஆவாது, மோலிக்கு இதான் பிடிக்கும்" என்று மோலி மீன்களைப் பிடித்துக் கொடுத்தேன். பையை வாங்கிக்கொண்டு படி வரை போனவர் திரும்பி வந்தார்.

"இன்னா தம்பி சொல்ற? தெனம் அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறேன். ஒரு நாளும் ஒறைக்கவே இல்லியே!"

எலுமிச்சம்பழம்

ஸ்டெல்லா எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்குப் பரிசாக இரண்டு தங்கமீன் வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரு நாள் பக்கெட்டும் கையுமாகக் கடைக்கு ஓடி வந்தார். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. "புள்ளைக்குத் தெரியாது ண்ணா, ஸ்கூல்ல இருக்கா. அவ வர்றதுக்குள்ள எதனா பண்ணு" என்று பக்கெட்டை நீட்டினார்.

பிஎச் இறங்க எலுமிச்சை பிழியலாம் என்று யாரோ போனில் வீடியோ போட்டிருக்கிறார்கள்; அதைப் பார்த்துத் தொட்டியில் பிழிந்துவிட்டார். எலுமிச்சை தடாலென்று இறக்கும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு மறுபடி மேலே தூக்கிவிடும். நிலையாக நிற்கிற எட்டில்கூட மீன் பிழைத்துக்கொள்ளும். இப்படி ஏறி இறங்கினால் தாங்காது. பக்கெட் தண்ணீரோடு மீன்களை ஒரு டப்பில் ஊற்றி, காற்றுக் குழாயைப் போட்டு, கடைத் தண்ணீரை மெல்லிய டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஸ்டெல்லா ஸ்டூலில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினார். பள்ளி விடும் நேரத்துக்கு இரண்டும் துடுப்பை விரித்து நீந்தின. "எவ்ளோம்மா புழிஞ்ச?" என்று கேட்டேன்.

"மொதல்ல அரை மூடிதான் ண்ணா. பத்துமான்னு சந்தேகம் வந்துச்சு. மீன் கொழம்பு வெக்கிற கையாச்சே, இன்னும் ஒண்ணு புழிஞ்சிட்டேன்."

கெபி

அதோடு முடியவில்லை. சுண்ணாம்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் கலந்தும் ஸ்டெல்லா வீட்டுத் தொட்டி இரண்டொரு நாளில் மறுபடி நீலம் காட்டியது. நேரில் போய்ப் பார்த்தேன். தொட்டி நடுவில் ஒரு மாதா கெபி! கொத்தனாரான அவர் கணவர் அந்தோணி, தன் கையாலேயே சிமெண்டில் குகை மாதிரி செதுக்கி, உள்ளே மாதா சொரூபத்தை வைத்திருந்தார். அந்தச் சிமெண்டிலிருந்துதான் சுண்ணாம்பு கரைந்துகொண்டிருந்தது. மாதாவை வெளியே எடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? மென்று விழுங்கித்தான் சொன்னேன்.

அந்தோணி முகம் வாடிவிட்டது. "மாதாவத் தூக்கிப் போட்டுடுவீங்களா?" என்று மகள் அழ ஆரம்பித்தாள். அந்தோணி கெபியைத் தூக்கிப் போய் வாசல் மதில் மேல் வைத்து, சின்ன பல்பும் மாட்டினார். தொட்டியில் காரத்தை மெல்லக் குறைக்கும் கட்டையும் காய்ந்த பாதாம் இலையும் போட்டோம்; தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். எண் மெதுவாக இறங்கி, அங்கேயே நின்றது. அந்தோணி கடைக்கே வந்து சொன்னார்:

"மாதா தண்ணிய வுட்டு வெளிய வந்தாங்க, அற்புதம் நடந்துச்சு ண்ணா. இப்ப தெருவுல போறவங்ககூட நின்னு கும்புட்டுட்டுப் போறாங்க."

மழைக்குக் காத்திருந்தவர்

கரியமாணிக்கத்தில் கரும்பு போடுகிறவர் ஏழுமலை. அவர் வளர்க்கும் ஏஞ்சல் மீன் ஜோடி தொட்டிச் செடியின் இலையில் முட்டை வைக்கும். மறுநாளே எல்லாம் வெள்ளை பூத்துக் கெட்டுவிடும். மனிதர் சாப்பாடு இறங்காமல் அலைந்தார். "கடினத் தண்ணிதான் காரணம். மழைத் தண்ணியப் பாதிக்குப் பாதி, மெதுவாக் கலந்து பாருங்க. கூரைத் தண்ணி வேணாம், வெட்டவெளியில அண்டா வையுங்க" என்றேன்.

அண்டா பல நாள் காய்ந்து கிடந்தது. ஒரு வழியாக மழை பிடித்துக்கொண்டது. அடுத்த முட்டையில் வெள்ளை பூக்கவில்லை. இலை முழுக்கக் குஞ்சுகளின் வால் துடித்தது. கடைக்கு வந்து போனில் வீடியோ காட்டினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதருகே வந்தார்.

"ஊரே ரோட்டுல நெல்லு காயப் போட்டிருந்துச்சு. நான் மழ வரலியான்னு வானத்தப் பாத்துக்கினு நின்னேன்னு தெரிஞ்சா ஒதப்பாங்க. யார்கிட்டயும் சொல்லிடாத தம்பி."

இந்தக் கடையில் நான் மீனுக்கு வைத்தியம் பார்த்தது ரொம்பக் குறைவு. பார்த்ததெல்லாம் அதை வளர்க்கிறவர்களுக்குத்தான்.