மூன்று மணி பதினொரு நிமிடத்தில் நின்ற படம்

செய்தி புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்கு வந்தது. உள்துறைமுக வீதியில், வள்ளங்கள் கட்டும் பக்கமாக உள்ள தேநீர்க்கடை ஒன்றில் இருந்தேன். அழைத்தவர் மங்களம் அக்கா.

"தம்பி, அண்ணை போயிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே போயிட்டார்."

நான் பேச வாயெடுப்பதற்குள் இன்னொன்றும் சொன்னார். "அந்தப் படம் நிப்பாட்டினபடியே நிக்குது." அது ஏன் அந்த நேரத்தில் அவருக்குச் சொல்லவேண்டியதாக இருந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மங்களம் அக்காவின் கணவர் தவராசா அண்ணனை இந்தப் பக்கத்தின் வாசகர்கள் அறிவார்கள். எங்கள் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் ஒவ்வொரு வாரமும் இங்கே சினிமா பற்றி எழுதினார். நீளமான படங்களில்தான் அவருக்கு விருப்பம். மூன்று மணித்தியாலத்துக்குக் குறைந்ததை அவர் 'துண்டுப் படம்' என்பார். பத்தியின் கடைசி வரி எப்போதும் ஒரே அமைப்பில் இருக்கும்: படத்தைப் பார்த்த இடம், இடையில் எத்தனை தடவை நிறுத்தினார் என்ற விவரம். வீட்டில் பார்த்த படங்களுக்கும் அங்கே 'இல்லை' என்றே இருக்கும். நிறுத்திப் பார்த்த படத்தைப் பற்றி எழுதும் உரிமை தனக்கில்லை என்பது அவருடைய கொள்கை.

"தியேட்டரில படம் எங்களப் பிடிச்சு வைச்சிருக்கும் ஐசே. வீட்டில நாங்கள் படத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறம். கை உளைஞ்சால் விட்டிடுவம்" என்பார். என்னை அவர் கூப்பிடுவது 'ஐசே' என்றுதான்.

அவர் அப்படி ஆனதற்கு நானும் ஒரு சாட்சி. யுத்த காலத்தில் ஒரு நாள் பின்னேரம் இருவரும் நகரத் திரையரங்கில் ஒரு நீண்ட படத்துக்குப் போயிருந்தோம். ஆறு மணிக்கு ஊரடங்கு. ஐந்தரைக்கெல்லாம் அரங்கில் பாதிப் பேர் எழும்பிவிட்டார்கள். நான் அவருடைய தோளைத் தட்டினேன். "இரும், முடியப்போகுது" என்றார். முடிந்தபோது ஆறு கடந்து ஏழு நிமிடம். வீதியில் ஒரு நாய்கூட இல்லை. கோட்டைப் பக்கமாகத் திரும்பும் சந்தியில் காவலுக்கு நின்ற சிப்பாய் துவக்கை நீட்டினான். கைகளை உயர்த்தினோம். தவராசா அண்ணனின் வலது கையில் கிழித்த டிக்கற் இருந்தது. சிப்பாய் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு சிங்களத்தில் கேட்டான்: "எப்படி முடிஞ்சது?"

காவல் முறைக்கு நேரமானதால், முந்தைய நாள் அதே படத்திலிருந்து இடைவேளையோடு எழும்பி வந்தவனாம். அண்ணன் கைகளை இறக்காமலே பிற்பாதியை முழுவதும் சிங்களத்தில் சொன்னார். துவக்கு முனை மெல்லக் கீழே போனது. கடைசிக் காட்சியைச் சொல்லி முடித்ததும், சுவர் ஓரமாக நடந்து போகச் சொன்னான்.

"பாத்தீரே? பாதியில எழும்பியிருந்தா இவனுக்கு என்னத்தச் சொல்லியிருப்பம்?" என்றார், வீட்டுப் படலையைத் திறந்தபடி. பாதியில் எழும்பியிருந்தால் ஊரடங்குக்கு முன்னரே வீட்டில் இருந்திருப்போம் என்று நான் சொல்லவில்லை.

பிற்காலத்தில் அவருடைய வீட்டு முன்னறையே எங்கள் திரையரங்கு. ஞாயிறு பின்னேரங்களில் யன்னலுக்குக் கனத்த போர்வை கட்டுவார். தொலைபேசிகள் இரண்டும் குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும் அக்காவிடம் போகும். ரிமோட்டை அலுமாரியின் மேல்தட்டில் வைப்பார். படத்தை நிறுத்த வேண்டுமென்றால் கதிரையிலிருந்து எழும்பி, கையை நீட்டி எடுக்க வேண்டும். அந்தச் சிரமத்தைப் பார்த்தே மனம் மாறிவிடும் என்பார். நேரம் குறிப்பது என் வேலை.

கடைசி ஞாயிறு ரிமோட் அலுமாரியில் இல்லை. அவருடைய மடியில் இருந்தது. பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

படம் மூன்று மணி இருபத்திரண்டு நிமிடம். ஒரு மணி ஐந்தாவது நிமிடத்தில் அவரே நிறுத்தினார். தண்ணீர் குடிக்கப் போனார். ஒரு மணி ஐம்பதில் மறுபடியும். இம்முறை யன்னற் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். போர்வைக்கு அப்பால் துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது.

"என்ன அண்ணை, தியேட்டரா இருந்தா ஒப்பரேட்டரக் கூப்பிட்டு நிப்பாட்டச் சொல்லியிருப்பீங்களோ?" என்றேன்.

"வயசு போனா இடைவேளை கூடத்தான் வேணும் ஐசே."

"அப்ப இந்த முறை கடைசி வரியில உண்மையப் போட வேண்டியதுதான்."

அவர் திரும்பினார். சிரிப்பு இருந்தது, மூச்சு இல்லை. "இதுகள எழுதாதையும்" என்றார்.

ஒரு முற்றுப்புள்ளி பிழைத்தாலும் அடுத்த நாள் திருத்தம் போட வைத்த மனிதர், எழுத வேண்டாம் என்று என்னிடம் கேட்டது அது ஒரு தடவைதான். நான் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டு, நின்ற நேரங்களைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். இரண்டு மணி இருபது. இரண்டு மணி நாற்பத்தொன்று. அத்தோடு, "மிச்சத்த அடுத்த ஞாயிறு பாப்பம்" என்றார். ஒவ்வொரு தடவையும் இடைவெளி குறைந்துகொண்டு வந்திருக்கிறது. கழித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நான் கழித்துப் பார்த்தது அவர் இறந்த பிறகு.

எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்து சனம் கலைந்த பின் மங்களம் அக்கா என்னை முன்னறைக்குக் கூப்பிட்டு, தொலைக்காட்சியைப் போட்டார். படத்தின் அடியில் ஓடும் சிவப்புக் கோடு இரண்டு மணி நாற்பத்தொன்றில் இல்லை. மூன்று மணி பதினொன்றில் நின்றது.

"புதன்கிழமை அவருக்கு நெஞ்சுக் கிளினிக்" என்றார் அக்கா. "ஏழரைக்கே வெளிக்கிட்டு நிண்டவர். கிளினிக் கொப்பி கையில. ஆட்டோவும் வந்திட்டுது. பிறகு கதிரையில இருந்திட்டார். 'கடைசிக் கொஞ்சந்தான், முடிச்சிட்டுப் போறன்' எண்டவர். நான் ஆட்டோவத் திருப்பி அனுப்பினனான்."

"என்னை விட்டிட்டுப் பாக்க மாட்டாரே அக்கா."

"நானும் கேட்டனான். 'தம்பி ஞாயிறு வருவார்தானே, பொறுங்கோவன்' எண்டு. அவர் படத்தப் போட்டிட்டார்."

அக்கா அந்தச் சிவப்புக் கோட்டைக் காட்டினார்: "அவர்தான் நிப்பாட்டினவர். நிப்பாட்டிப்போட்டுத்தான் என்னைக் கூப்பிட்டவர்."

நின்றிருந்த காட்சியைப் பார்த்தேன். அதில் ஒன்றும் நடக்கவில்லை. ஒருவன் கதவைத் திறக்கிறான், வெளியே வெயில். அண்ணனுக்கு ஞாயிறு வரை நேரமில்லை என்று தெரிந்திருக்கிறது. கிளினிக்குக்குப் போகாமல் இருந்ததும் அதே அறிவினாலா, அல்லது அன்று திரையரங்கில் எழும்ப மறுத்த அதே பிடிவாதத்தினாலா என்று என்னால் சொல்ல ஏலாது. நாற்பது வருடம் ஆட்களிடம் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். அவரிடம் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: ஏன் நிப்பாட்டினீங்கள்?

அக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்றார். "முடிவு என்னெண்டு பாத்து எனக்குச் சொல்லும் தம்பி. நான் பாக்க மாட்டன்."

அவர் குசினிக்குப் போனார். நான் ரிமோட்டை அலுமாரி மேல் வைத்துவிட்டுப் பதினொரு நிமிடத்தையும் பார்த்தேன். பிறகு குசினிக்குப் போய், நின்றபடியே சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் முழுவதையும் கேட்டார். முடிந்ததும், "அவ்வளவுதானா?" என்றார்.

தவராசா அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது குறிப்புப் புத்தகத்தின் ஒரு பக்கம். என் கையெழுத்தில் நான்கு நேரங்கள், கீழே நான் பின்னர் சேர்த்த ஐந்தாவது. எழுத வேண்டாம் என்றார். பிழையை மறைத்துப் பக்கத்தை அனுப்பக்கூடாது என்று எனக்குப் பழக்கியவரும் அவர்தான். இது அவருடைய பத்தி வந்த இடம் என்பதால் அவருடைய வழக்கப்படியே முடிக்கிறேன்.

பார்த்த இடம்: வீடு. இடையில் நிறுத்தியது: ஐந்து தடவை.