‘நம்ம ஆளு’க்கு சர்டிஃபிகேட் வேண்டாமாம்

திருவனந்தபுரம் கரமனையில ஒரு டே கேர்ல மகளைச் சேர்க்கலாம்னு இன்னிக்குக் காலைல போயிருந்தேன். அவளுக்கு ரெண்டரை வயசு.

"இங்க வேலை செய்யறவங்களுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் எல்லாம் உண்டா?"ன்னு கேட்டேன்.

நடத்துற மேடத்துக்கு ஒரே பெருமை. "உண்டு, உண்டு"ன்னு ஆயா செல்வியக்காவைக் கூப்பிட்டாங்க. தென்காசிப் பக்கத்துலேருந்து வேலைக்கு வந்தவங்க. பையிலேருந்து லேமினேட் பண்ணின சர்டிஃபிகேட்டை எடுத்து, நான் கேக்காமலே ரெண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாங்க. காட்டிக் காட்டிப் பழகின கை.

"ஊர் ஸ்டேஷனுக்கு மூணு தடவ அலைஞ்சேம்மா. இது வர்ற வரைக்கும் பிள்ளைகளத் தொட விடல."

சரி, நல்ல விஷயம்தான். "வேன் டிரைவருக்கு?"ன்னு கேட்டேன்.

மேடம் சிரிச்சாங்க. "அவன் நம்முடெ ஆளல்லே, நம்ம ஆளுதானே. எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா பையன். அவனுக்கு எதுக்கு?"

சாயங்காலம் பிள்ளைங்களை வீட்டுல கொண்டு விடறது அவர்தான். வேன்ல கூடப் போக ஆயா கிடையாது. கடைசி வீடு வரும்போது உள்ள இருக்கிறது அவரும் ஒரே ஒரு குழந்தையும்தான்.

அவர் மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. தங்கமான மனுஷனாவே இருக்கட்டும். செல்வியக்காவும் தங்கம்தானே, அவங்களை மட்டும் ஏன் உரசிப் பாத்தீங்க?

அதையே மேடத்துக்கிட்ட கேட்டேன். அட்மிஷன் ஃபாரத்தை மேஜையிலேயே வெச்சுட்டு வந்துட்டேன்.

உங்க பிள்ளை போற வேனை ஓட்டறது யாரோட ஆளுன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க.