பன்னிரண்டாவது மீட்டர்

மைதானத்துக்குக் கோடு போடுகிறவரைப் பற்றி யாராவது பேசுவார்களா? கோடு கோணலாகப் போனால் பேசுவார்கள். அந்தப் பேச்சு தன் காதில் விழக்கூடாது என்பதற்காகவே இருபத்திரண்டு வருடம் உழைத்த மனிதர் அவர். ரசிகர்கள் ‘சுண்ணாம்பு’ என்று கூப்பிடுவார்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். கோபப்படவும் கொஞ்சம் தைரியம் வேண்டுமே! மனிதர் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ரிஜிஸ்டர் தபால் வந்தால்கூட மனைவியைத்தான் கையெழுத்துப் போடச் சொல்வார். முதலில் கட்டடங்களுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடிச் சாரத்தில் கை கால் உதறிப்போய், தரையிலேயே நின்று செய்கிற வேலையாகப் பார்த்துக் கால்பந்து கிளப்பில் சேர்ந்துகொண்டார்.

ஆளைப் பார்த்துச் சிரிக்கலாம், வேலையைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. கோடு அப்படி நேராக இருக்கும்.

சேர்ந்த முதல் மாதமே அவருடைய அளவு டேப்பின் முதல் ஒரு மீட்டரைப் புல்வெட்டும் மெஷின் தின்றுவிட்டது. புதிது கேட்டால் எப்படிப் போனது என்று கேட்பார்களே என்று வாயைத் திறக்கவில்லை. அறுந்த நுனியைப் பிடித்துக்கொண்டு, எல்லா அளவிலும் ஒன்றைக் கூட்டிப் பார்க்கப் பழகிக்கொண்டார். பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து பதினொரு மீட்டர். அவர் டேப்பில் பன்னிரண்டு. வருடக்கணக்கில் அப்படியே ஊறிப்போய், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பன்னிரண்டு என்றுதான் சொல்வார்.

இந்த வருடம் கிளப் ஒரு வழியாக, மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு ஏறுவதற்கான இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. ஜெயித்தால் மேலே. தோற்றால் பதினேழு வருடமாகக் கிடக்கிற அதே இடம். தோற்றால் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையை ஏதோ ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடப் போவதாகவும் காதில் விழுந்தது. அதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆட்டத்துக்கு முதல் நாள் கிளப் தலைவர் அவரைக் கூப்பிட்டுப் பளபளக்கும் புது டேப் ஒன்றைக் கையில் கொடுத்தார். “பெரிய ஆட்டம். எல்லாம் கச்சிதமா இருக்கணும்.” கடிகாரம் இருக்கிற பக்கத்துக் கோல் முன்னால் மழையில் மண் அரித்து, புதுப் புல் பதித்திருந்தார்கள். பழைய புள்ளியும் இல்லை, பெனால்டி பெட்டிக்கு வெளியே வருகிற பிறைக்கோடும் இல்லை. மற்ற கோடுகளின் மேலேயே மறுபடி வெள்ளை ஓட்டிவிட்டு, அந்தப் புள்ளியை மட்டும் புதிதாக அளந்தார். புள்ளியில் ஆணி அடித்து, கயிறு கட்டிப் பிறையையும் போட்டார். மறுநாள் ரெஃப்ரி வந்து வலையை இழுத்துப் பார்த்தார், கொடிகளை ஆட்டிப் பார்த்தார்.

“எல்லாம் அளந்தாச்சா?”

“அளந்தாச்சு சார்.”

பொய் சொல்லவில்லை. அளந்திருந்தார்தான்.

முதல் பாதியில் அவர்கள் கிளப் ஒரு கோல் போட்டது. இடைவேளையில் பெயர்ந்த புல்லை மிதித்துச் சரிசெய்துவிட்டு, தலைவர் கொடுத்த டிக்கெட்டோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு மேல் வரிசைக்கு ஏறினார். இத்தனை வருடத்தில் அங்கே ஏறியதே இல்லை. கைப்பிடியை விடாமல் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்னங்க, இது எவ்வளவு அழகா இருக்கு! ஆனா கடிகாரப் பக்கத்துல அந்தப் பிறை மட்டும் ஏன் உப்பியிருக்கு?”

“மேலேருந்து பார்த்தா அப்படித்தான் தெரியும்” என்று கண்ணைத் திறந்தார். அந்தப் பக்கம் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். புள்ளி தள்ளி விழுந்து, கூடவே பிறையும் வெளியே தள்ளியிருந்தது. புது டேப்பில் எதுவும் அறுந்திருக்கவில்லை. அவர் கைதான் பழக்க தோஷத்தில் பன்னிரண்டுக்குப் போயிருந்தது.

மனைவியின் காதில் சொன்னார். அவள் முகம் மாறியது.

“இப்பவே போய்ச் சொல்லிடுங்க.”

“சொன்னா ஆட்டமே செல்லாதுன்னுடுவாங்க. இந்த ஜனம் என்னை உயிரோட விடுமா? இன்னும் நாற்பது நிமிஷம். அந்தப் பக்கம் பெனால்டி விழாம இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?”

“விழுந்தா?”

அதற்கப்புறம் அவர் ஆட்டம் பார்க்கவில்லை, அந்தப் பெட்டியை மட்டும் பார்த்தார். பந்து அதற்குள் போகும்போதெல்லாம் மூச்சு நின்றது, வெளியே வந்ததும் திரும்பி வந்தது. சொந்தக் கிளப் ஜெயிக்க வேண்டும் என்பதுகூட மறந்துபோயிற்று. யாரும் விழக்கூடாது, யார் கையிலும் படக்கூடாது, அவ்வளவுதான்.

நாலு நிமிடம் பாக்கி இருந்தபோது, அதே பெட்டிக்குள் அவர்கள் கிளப்பில் தடுத்து ஆடிய ஒருவன் கையில் பந்து பட்டது. விசில்.

அவர் எழுந்து ஓடினார். உயரமெல்லாம் அப்போது ஞாபகத்திலேயே இல்லை. படிகளில் இடித்துக்கொண்டு இறங்கி, கோட்டோரம் நின்ற நாலாவது ரெஃப்ரியின் முன்னால் போய் மூச்சு வாங்க நின்றார்.

“சார்...”

“என்ன?”

பின்னால் ஆயிரக்கணக்கான பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“ஒண்ணுமில்ல சார்.”

எதிரணியின் ஒன்பதாம் நம்பர் பந்தை வைத்தான். நன்றாகத்தான் அடித்தான், மூலை பார்த்து. கோல்கீப்பர் பாய்ந்தான். விரல் நுனி பட்டு, பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. ஒரு மீட்டர் கிட்டத்திலிருந்து அடித்திருந்தால் அந்த விரல் எட்டியிருக்குமா? அதை யாராலும் சொல்ல முடியாது. கேட்கக்கூட இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

ஆட்டம் முடிந்தது. ஜனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. தலைவர் அவரைத் தேடிப்பிடித்துத் தோளில் கைபோட்டு, “இனிமே உங்க வேலைக்கு எந்தக் கவலையும் இல்ல” என்று போட்டோ எடுக்க இழுத்துக்கொண்டு போனார். கடிகாரப் பக்கத்துக் கோலுக்குத்தான் போனார்கள். அங்கே ஒன்பதாம் நம்பர் தரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ரெஃப்ரி குனிந்து ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அவனுக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். சுண்ணாம்பு படிந்த அவருடைய செருப்பைப் பார்த்ததும் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“கிரவுண்ட் ரொம்ப நல்லா இருந்துச்சு அண்ணே. நான்தான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன். இதுவரைக்கும் ஒரு பெனால்டிகூட விட்டதில்ல. என் கூட ஆடினவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? இனிமே பந்தைத் தொட மாட்டேன்.”

‘விடு தம்பி’ என்று சொன்னால் போதும். அத்தோடு முடிந்துவிடும்.

“நீ கெடுக்கல தம்பி” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. “புள்ளி ஒரு மீட்டர் தள்ளி இருக்கு. போட்டது நான்.”

தோளில் இருந்த தலைவரின் விரல்கள் இறுகின. “யோவ், வாயை மூடு” என்றார் சிரித்த முகத்தோடு.

ரெஃப்ரி நிமிர்ந்தார். “என்ன சொன்னீங்க?”

சுற்றிலும் அவரைத் தூக்கிக் கொண்டாட நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தோளில் இருந்த கையை எடுத்துவிட்டார். இன்னொரு தடவை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.