பூதக்கண்ணாடி எடுத்த பயணக் காப்பீடு

அந்த அம்மாவுக்கு வங்கியில் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. முப்பத்தொரு வருஷம் அவள் பார்த்த வேலை ஒன்றே ஒன்றுதான். செக்கில் இருக்கிற கையெழுத்தையும், கணக்கு தொடங்கும்போது வாங்கி வைத்த மாதிரிக் கையெழுத்து அட்டையையும் அருகருகே வைத்துப் பார்த்து, இரண்டும் ஒரே கைதானா என்று சொல்ல வேண்டும். யாரையும் நம்பாமல் இருப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவள். ஓய்வு பெற்றதும் சம்பளம்தான் நின்றது, வேலை நிற்கவில்லை. காய்கறிக்காரரின் தராசைத் தட்டிப் பார்ப்பாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மருந்துக் கடையில் நீட்டி, "இது நெஜமாவே இருமலுக்குத்தானா?" என்று கேட்பாள்.

"ரொம்ப அழகா இருந்தா அது கள்ளக் கையெழுத்து" என்பாள். "சொந்தக்காரன் கிறுக்கிட்டுப் போயிடுவான். திருடன்தான் பார்த்துப் பார்த்து வரைவான்." ஒரு தடவை பெரிய இடத்துப் பையன் ஒருவன் அப்பா கையெழுத்தைப் போட்டுக்கொண்டு வந்தான். மேனேஜரே வந்து, "விடும்மா, தெரிஞ்ச குடும்பம்" என்று கெஞ்சினார். இவள் அசையவில்லை. பையன் வேர்த்துக் கொட்டி, செக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். மேனேஜர் அதற்கப்புறம் ஒரு மாசம் இவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும், யாருக்கு நஷ்டம்?

அப்படிப்பட்டவள் அறுபத்தோரு வயசில் வெளிநாடு கிளம்பினாள். அங்கே அவளுடைய தம்பி இருக்கிறான், தனி ஆள். கல்யாணம் என்று ஒன்று நடந்தது, அதுவும் முடிந்துபோய் வருஷங்கள் ஆயிற்று. இப்போது இரண்டு சிறுநீரகமும் அவனைக் கைவிட்டுவிட்டன. கூட வேலை பார்க்கிற ஒரு மகராசி தன்னுடையதில் ஒன்றைத் தர ஒத்துக்கொண்டாள், ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தாயிற்று. அதற்கப்புறம் முதல் நாலு மாசமாவது ஒருத்தர் கூட இருந்து காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மணி தப்பாமல் மாத்திரை கொடுக்க வேண்டும். விட்டுவிட்டுக் கொடுத்தால், வாங்கி வைத்த சிறுநீரகத்தை உடம்பு வேண்டாமென்று தள்ளிவிடும் என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்பவர் பெயர் என்று ஆஸ்பத்திரிப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது.

"உன் பேரைப் போட்டுட்டேன்க்கா" என்றான் தம்பி.

"வேற யார் பேரைப் போடுவே?" என்றாள் இவள். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயசு, இவளுக்குப் பதினெட்டு. அவன் தலையில் எண்ணெய் வைத்ததிலிருந்து பள்ளிக்கூட அட்டையில் கையெழுத்துப் போட்டது வரை எல்லாம் இவள்தான்.

டிக்கெட் தயார், விசாவுக்குக் காப்பீடு ஒன்றுதான் பாக்கி. சாப்பாட்டு மேஜை முழுக்க விளம்பரத் தாள்கள் பரந்து கிடந்தன. பெரிய எழுத்தை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிற பொடி எழுத்தில்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பெட்டி தொலைஞ்சா பன்னெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் தொலைஞ்சதா ஒத்துக்குவாங்களாம். அதுவரைக்கும் அது என்ன, தியானத்துல இருக்குமா?"

"ம்" என்றார் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வாரத்தில் மூன்று நாள் இன்னும் வேலைக்குப் போகிறார். மற்ற நாட்களில் 'ம்' போடுவார்.

"செத்துட்டா உடம்பை வீடு வரைக்கும் கொண்டாந்து குடுப்பாங்களாம்."

"நல்லதுதானேம்மா."

"வந்து சேர்ந்தேன்னு யாரு கையெழுத்துப் போடறது? நீங்களா? உங்க கையெழுத்து ஒண்ணோட ஒண்ணு பொருந்தின நாளே கிடையாது."

கம்பெனிகளுக்குப் போன் போட்டு ஒரே கேள்வியைக் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை கேட்பாள். இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறாளாம். எதிர்முனையில் இருப்பவர்கள் இவள் குரலைக் கேட்டதும் மேலதிகாரியைக் கூப்பிடுகிற அளவுக்கு விஷயம் முற்றிப்போயிருந்தது.

இதற்கு நடுவில் வீட்டிலேயே அவளுக்கு ஒரு சந்தேகம். கொஞ்ச மாசமாக எதுவும் வைத்த இடத்தில் இல்லை. சாவி காணாமல் போகிறது, பிறகு அரிசி டப்பாவில் கிடைக்கிறது. மூக்குக்கண்ணாடி போகிறது. போதாததற்கு இந்த மனுஷன் கேஸ் குழாயில் தானாக மூடிக்கொள்கிற ஒரு வால்வைப் பொருத்தியிருக்கிறார். கேட்டால், "புதுசா வந்திருக்கும்மா, நல்லதாம்" என்று பூசி மெழுகுகிறார். கடைக்குப் போனால் பின்னாலேயே வருகிறார். நாற்பது வருஷத்தில் ஒரு நாளும் இவளோடு கடைக்கு வராத மனுஷன்! என்னத்தையோ மறைக்கிறார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. என்னவென்றுதான் தெரியவில்லை.

ஒரு காலையில் போன் வந்தது. ஒரு பெண் குழைந்து குழைந்து பேசினாள். "மேடம், எங்க பாலிசி எடுத்ததுக்கு ரொம்ப நன்றி."

"நான் எந்தப் பாலிசியும் எடுக்கலியே!"

"போன வாரம் எடுத்தீங்களே மேடம்."

"யாரு காதுலம்மா பூ சுத்தறே? வை போனை."

மறுநாள் வேறொரு கம்பெனியிலிருந்து தடித்த உறை வந்தது. உள்ளே அவள் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் அச்சடித்த அட்டை இருந்தது. நூற்றிருபது நாள் பயணம் என்று எழுதியிருந்தது. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பார்த்தீங்களா? என் பாஸ்போர்ட் நம்பர் இவனுங்களுக்கு எப்படிப் போச்சு?"

லிஃப்ட்காரர் உறையை வாங்கிப் பார்த்தார். ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. "விடும்மா. நான் போன் பண்ணி ரத்து பண்ணச் சொல்லிடறேன்" என்றார்.

"என் பாஸ்போர்ட் எங்கே?"

"பத்திரமா இருக்கு."

"எங்கேன்னு கேட்டேன்."

அவர் தயங்கினார். "என் டூல்ஸ் பையில வச்சிருக்கேன்."

"ஓகோ! பொண்டாட்டி பாஸ்போர்ட்டுக்கும் ஸ்பேனருக்கும் என்னங்க சம்பந்தம்? யாருகிட்ட குடுத்தீங்க? எவன் கையெழுத்துப் போட்டான்?" நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "சரி, கெளம்புங்க. அந்த ஆபீசுக்கே போவோம். யாரோ என் கையெழுத்தைப் போட்டிருக்கான். என்கிட்டயேவா!" அவர் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். வங்கிக் காலத்து லென்ஸை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.

ஆபீஸ் இரண்டாவது மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நாலு மேஜைகள். டை கட்டிய அதிகாரி இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்கம்மா! உறை வந்துச்சா?"

தெரிந்தவர் மாதிரி சிரிக்கிறான் பார், பக்காத் திருடன் என்று நினைத்துக்கொண்டாள். "நான் கையெழுத்துப் போட்டேன்னு சொல்றீங்களே, அந்தப் படிவத்தைக் காட்டுங்க. நகல் வேணாம், அசல்."

அசல் வந்தது. பூதக்கண்ணாடி நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, அதில் தன் கையெழுத்தைப் பத்து தடவை மளமளவென்று போட்டாள். வங்கியில் சந்தேகம் வந்தால் அப்படித்தான் செய்யச் சொல்வாள். பிறகு லென்ஸை எடுத்தாள். ஒரு நிமிஷத்தில் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்ற தெம்பு முகத்தில் தெரிந்தது.

முதல் எழுத்தின் கொக்கியைப் பார்த்தாள், சரியாக இருந்தது. திருடன் கெட்டிக்காரன்தான் என்று நினைத்தாள். நடுவில் பேனாவை எடுத்து வைக்கிற இடத்தைப் பார்த்தாள். அதுவும் சரி. கை நடுக்கமில்லை, வரைந்த தடயமில்லை, தயங்காமல் ஓடிய கோடு. கடைசியில் வாலைப் பார்த்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டதிலிருந்து, அவள் இழுக்கிற கடைசிக் கோடு பாதியில் ஒரு சின்னச் சறுக்கு சறுக்கும். அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்தச் சறுக்கு அங்கே இருந்தது.

பக்கத்தைத் திருப்பினாள். ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு இருந்தது: 'பன்னிரண்டு மணி நேரமா, இருபத்துநாலா? திரும்பக் கேட்கணும்.' எழுத்து அவளுடையது. அந்தச் சந்தேகமும் அவளுடையதுதான், வேறு யாருக்கு அந்தப் புத்தி வரும்?

"இந்த நாற்காலியிலதாம்மா உக்காந்திருந்தீங்க, ரெண்டு மணி நேரம்" என்றார் அதிகாரி மெதுவாக. அவருக்கும் ஏதோ புரியத் தொடங்கியிருந்தது. "ஒவ்வொரு வரியாப் படிச்சீங்க. என்னை நல்லாத் திட்டினீங்க. தம்பிக்கு ஆபரேஷன்னு சொன்னீங்க."

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது எத்தனாவது?" என்று கேட்டாள்.

"மூணாவதும்மா. மத்த ரெண்டும் டூல்ஸ் பையில இருக்கு."

"எவ்வளவு நாளா உங்களுக்குத் தெரியும்?"

"ஏழெட்டு மாசமா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். தலையை ஸ்கேன் எடுக்கணும்னு சீட்டு எழுதிக் குடுத்தார். நீ கிழிச்சுப் போட்டுட்டே. அதுவும் உனக்கு ஞாபகம் இல்லை. பாஸ்போர்ட்டைத் தொலைச்சிடுவியோன்னு நாலஞ்சு நாள் முன்னாடிதான் எடுத்து வச்சேன்." அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எப்படிம்மா சொல்லுவேன்? தம்பியப் பார்க்கப் போறேன்னு நீ குதிச்சிட்டிருந்தே."

அவளுக்குக் கோபம் வந்தது, பயங்கரமான கோபம். ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, வேண்டியவன், வேண்டாதவன் என்று பார்க்காமல் முப்பத்தொரு வருஷம் தீர்ப்புச் சொன்ன அதே குரலில் சொன்னாள். "கையெழுத்து சரிதான். என்னோடதுதான்."

படிவத்தின் நாலாவது பக்கத்தில், ஞாபக மறதிக்காக மருத்துவர் பரிசோதனை எழுதியிருக்கிறாரா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறி போட்டிருந்தது. பேனாவை எடுத்து அதை அடித்து 'ஆம்' என்று போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள்.

"அம்மா, இதை மாத்தினா மேலிடத்துக்குப் போகும். பாலிசி கிடைக்காமலேகூடப் போகலாம்" என்றார் அதிகாரி.

"போகட்டும். தப்பான குறியை நான் எப்பவும் விட்டு வச்சதில்லை."

வெளியே லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் போடச் சொன்னாள். லிஃப்ட்காரர் போட்டுக் கொடுத்தார்.

"அக்கா! எல்லாம் ரெடியா?"

"டேய், அந்தப் படிவத்துல என் பேரை அடிச்சுடு. பார்த்துக்கறவங்க பேர்னு போட்டிருக்கியே, அதை."

"ஏன்க்கா? இன்சூரன்ஸ் கெடைக்கலியா?"

"கெடைச்சுது. மூணு கெடைச்சுது. மூணையும் நான்தான் வாங்கியிருக்கேன், ஒண்ணுகூட எனக்குத் தெரியல. உனக்கு நான் மாத்திரை குடுக்கக் கூடாதுடா. குடுக்காமலே குடுத்துட்டேன்னு சொல்லுவேன். இல்லன்னா ரெண்டு தடவை குடுப்பேன். உன்னைக் கொன்னுடுவேன்." சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தம்பி இடைமறித்தான். "உன் பேரைப் போன மாசமே அடிச்சுட்டேன்க்கா. ஆஸ்பத்திரியிலயே ஒரு நர்ஸை ஏற்பாடு பண்ணிட்டேன்."

"என்னது?"

"ஆபரேஷன் தேதி என்னன்னு நீ என்கிட்ட பதினாலு தடவை கேட்டிருக்கே. மாமாகிட்ட கேட்டேன், சொன்னார்."

ஆக, எல்லோரும் சேர்ந்துதான் மறைத்திருக்கிறார்கள்! அவள் சந்தேகப்பட்டது அத்தனையும் சரி. ஒரு ஆள் பாக்கியில்லாமல் அவளை ஏமாற்றியிருக்கிறார்கள். அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"அப்போ என்னை எதுக்குடா வரச் சொன்னே?" என்று கத்தினாள்.

"என்னை உள்ள தள்ளிட்டுப் போறப்ப வெளியில நீ இருக்கணும்க்கா. அவ்வளவுதான். மாமாவும் உன்கூட வரட்டும். இன்சூரன்ஸ் குடுக்கலன்னா வேற வழி பார்க்கலாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் அங்கே வந்து, எதுக்கு வந்தேன்னே மறந்துட்டா?"

"நான் கண்ணு முழிச்சதும் அக்கான்னு கூப்பிடுவேன். திரும்பிப் பார்ப்பேல்ல?"

"பார்ப்பேன்டா. அதுக்குக் கூடவா பார்க்க மாட்டேன்?" என்றாள்.

சொல்லி முடித்த பிறகு, அது உண்மையாக இருக்குமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.